கயிற்று போனை விட்டுவிடலாமா? ரங்கூன் வீடு ஒன்றின் கணக்கு

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடி பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்குகிறது. மேல் முனையில் சின்ன மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். பேப்பர்காரர், கரன்ட் பில் கொண்டுவருகிறவர், கோயில் நோட்டீஸ் கொடுக்கிற பையன் எல்லாரும் அந்தக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். மணி கேட்டதும் நான் போய்க் கயிற்றை ஏற்றிக்கொள்வேன். ரங்கூன் நகர்ப்பகுதியில் பழைய கட்டடங்களில் குடியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அவர்களுக்கும் இதுதான் காலிங் பெல்.

போன மாதம் அந்தக் கிளிப்பில், கம்பி லைனில் வருகிற எங்கள் வீட்டு போனுக்கான பில் வந்தது. என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கோம்? பேசாம எடுத்துடலாம்" என்றார். சிங்கப்பூரிலிருக்கும் மகன் இதைத்தான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமல், "அவங்கள்லாம் வீட்டுக்குல்ல போன் போடுறாங்க, ஆளுக்கா போடுறாங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஒரு வாக்கியம் என்னை உட்காரவைத்துவிட்டது. எடுப்பதா வைப்பதா என்று நாங்கள் ஒரு மாதம் கணக்குப் பார்த்தோம். அதே யோசனையில் இருக்கிற வீடுகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பர்மிய மொழியில் வீட்டு போனுக்கு 'ச்சோ போன்' என்று பெயர். ச்சோ என்றால் கயிறு, கம்பிக்கும் அதே சொல்தான். கையில் பிடிப்பது ஹேண்ட்போன், கயிற்றில் கட்டியது ச்சோ போன். பால்கனிக் கயிறு மாதிரியே இதுவும் வீட்டோடு கட்டியது, ஆளோடு போகாது. வித்தியாசம் முழுக்க இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இளையவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அத்தை ஏன் அந்த போனுக்குத் துணி போட்டு மூடிவைக்கிறார்கள் என்பது புரியாது. மாமா இந்த லைனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். வந்த பிறகு எங்கள் மாடிப்படிக்கு மொத்தமும் இது ஒன்றுதான் போன். இரண்டாவது மாடியில் இருந்த பர்மியக் குடும்பம், ஐந்தாவது மாடியில் இருந்த சீனப் பாட்டி எல்லாருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரும், நாங்கள் படியில் நின்று குரல் கொடுப்போம். லைன் இல்லாதவர்கள் தெருவோரக் கடைக்குப் போவார்கள். அது கடைகூட இல்லை. ஒரு மடக்கு மேசை, குடை, மேலே இரண்டு மூன்று சாதாரண வீட்டு போன், பக்கத்தில் ஒரு கடிகாரம். ஒரு பெண் உட்கார்ந்து நிமிடம் பார்த்துக் காசு வாங்குவாள். பின்னால் ஒரு வீட்டு ஜன்னலுக்குள் கம்பி போகும். ஹேண்ட்போன் வாங்கலாமே என்றால், சிம் கார்டு ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டிய காலம் அது. நகை விற்று சிம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

2013-இல்தான் 1,500 சாட்டுக்கு (பர்மியப் பணம்) சிம் என்று குலுக்கலில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் ஊரெடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு போன் நிறுவனங்கள் வந்தன. அப்புறம் மீன் விற்கிறவரிடம்கூட போன் வந்துவிட்டது, அந்தத் தெருவோர போன் கடைகள் ஒவ்வொன்றாக மடங்கிப்போயின. பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த ச்சோ போன் ஐந்தாறு வருடத்தில் கிழவிகள் வீட்டுப் பொருளாகிவிட்டது. இவ்வளவு வேகமாக மாறிய நாடு இதுபோல் வேறு இருக்குமா என்று தோன்றும்.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் முன் இருந்த வழிகள்: லைனை அப்படியே விட்டுவைப்பது; எடுத்துவிட்டு ஆளுக்கொரு ஹேண்ட்போனோடு நிறுத்திக்கொள்வது; எடுத்துவிட்டு வீட்டுக்கென்று ஒரு பட்டன் போனை வைத்துக்கொள்வது; சிம் போடுகிற மேசை போன் வாங்குவது; எல்லாவற்றையும் ஃபைபர் இணைய இணைப்புக்கு மாற்றி வைபர் ஆப்பில் பேசிக்கொள்வது. கடைசி வழி மகனுடையது. அதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதுதான் முதலில் விழுந்தது.

இணையத்தில் பேசுவது மலிவு, முகமும் தெரியும். பேரன் பல் முளைத்ததை நாங்கள் அதில்தான் பார்த்தோம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2021-ஐ மறக்க முடியாது. ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிப்ரவரி 1 காலையில் எழுந்து பார்த்தால் ஹேண்ட்போனில் எதுவும் போகவில்லை. பிறகு வந்தது. சில நாளில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அடைபட்டன. மார்ச் நடுவில் மொபைல் டேட்டா நின்றது, ஏப்ரல் தொடக்கத்தில் வயர்லெஸ் இணையமும் நின்றது. அந்த வாரங்களில் வெறும் குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்தான் எங்களுக்கு மிஞ்சின. 'ஆப் இருக்கே' என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவைத்த வீடுகள் திகைத்து நின்றன. எண்ணைக்கூடப் பலர் மனப்பாடமாகச் சொல்லத் தெரியாமல் இருந்தார்கள். ஆக, இணையம் ஒரு கூடுதல் வசதிதான். அதை நம்பி மற்றதை எடுக்கக்கூடாது என்பது என் முடிவு. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் இருக்கிற ஊர் வேறு, சரி.

அடுத்தது கரன்ட். இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

பழைய செம்புக் கம்பி போனுக்கு வீட்டுக் கரன்ட் தேவையே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அந்த இரண்டு கம்பி வழியாகவே வந்துகொண்டிருக்கும். மணி அடிப்பதற்கான மின்சாரத்தையும் எக்ஸ்சேஞ்சே அனுப்பும். அதனால் தெருவே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'ர்ர்ர்' என்று டயல் டோன் கேட்கும். நான்கு மணி நேரம் கரன்ட் வந்து நான்கு மணி நேரம் போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டில் கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் இந்த நன்மை கிடையாது. அதன் அடித்தட்டைச் சுவரில் செருகியிருப்போம் இல்லையா, கரன்ட் போனால் அதுவும் போய்விடும். சுருள் வயர் வைத்த சாதாரண போனுக்குத்தான் இந்தப் பெருமையெல்லாம். ஃபைபர் வழியாக வருகிற லைனும் அப்படித்தான். கண்ணாடி இழை வழியாக ஒளிதான் வரும், கரன்ட் வராது. வீட்டிலிருக்கும் சின்னப் பெட்டிக்கு நாம்தான் கரன்ட் கொடுக்கவேண்டும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிற வீடு என்றால் பரவாயில்லை. நாங்கள் வைத்திருக்கிறோம், ஆனால் அது ஒரு விசிறிக்கும் இரண்டு பல்புக்கும் அத்தையின் சாமி விளக்குக்குமே மூச்சு வாங்கும்.

ஹேண்ட்போனுக்குத் தன் பேட்டரி உண்டு. காலையில் நிரப்பினால் ராத்திரிவரை தாங்கும், பட்டன் போன் என்றால் நாலைந்து நாள். ஆனால் போன் உயிரோடு இருந்து என்ன செய்ய, டவர் உயிரோடு இருக்கவேண்டுமே. டவருக்கும் பேட்டரிதான், அதற்குப் பிறகு டீசல் ஜெனரேட்டர். கரன்ட் நீண்ட நேரம் வராவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. டீசல் விற்கிற விலையில் ஜெனரேட்டர் ஓடுமா என்பது வேறு. கரன்ட் போன மூன்றாவது மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கோடுகள் நாலிலிருந்து ஒன்றாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்போது பால்கனிக்குப் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பேசவேண்டும். தெருவே நம் சம்பந்தி விவகாரத்தைக் கேட்கும்.

இந்தக் கணக்கில் ச்சோ போன்தான் ஜெயிக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், மழை வரும்வரை.

ரங்கூன் மழை எப்படி என்று தெரியாதவர்களுக்கு: மே கடைசியில் ஆரம்பித்தால் அக்டோபர்வரை விடாது. எங்கள் தெருவில் கம்பி போகிற பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். ஈரம் பட்ட செம்பில் முதலில் கரகரப்பு வரும். அப்புறம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ இரண்டு பேர் பர்மிய மொழியில் அரிசி விலை பேசுவது கேட்கும். அப்புறம் ஒன்றுமே கேட்காது. போன வருடம் ஆடியில் செத்த லைன் புரட்டாசியில்தான் பேசியது. கம்பி பழசு, அதைப் பார்க்கிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? பார்க்க வந்தவர் வயதானவர், நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்தார்கள். "இந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேரும்மா இதை வைத்திருக்கிறீர்கள்" என்று அவரே கேட்டார்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோதும் இதே கதைதான். மரங்கள் விழுந்து கம்பியெல்லாம் அறுந்து தெருவில் கிடந்தன. கரன்ட் இல்லாமல் பேசும் என்பது உண்மை. கம்பியே இல்லாமல் பேசாது என்பதும் உண்மைதானே. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று மாந்தளையிலிருக்கும் என் சின்னம்மா வீட்டுக்கு இரண்டு விதமாகவும் முயன்றேன். வீட்டு எண்ணுக்கு மணியே போகவில்லை, ஹேண்ட்போன் 'பிஸி' என்றது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் "நல்லா இருக்கோம், வெளில படுத்திருக்கோம்" என்று ஒரு எஸ்.எம்.எஸ் வந்தது. ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது குரலுக்கு இடம் கிடைக்காது, நாலு வார்த்தை எழுத்து எப்படியோ நுழைந்து வந்துவிடும். வீட்டு போனால் அந்த நாலு வார்த்தை அனுப்ப முடியாது.

இதெல்லாம் வாயால் பேசிக்கொண்டே இருந்தால் ஓயாது என்று ஒரு நோட்டு வைத்தேன். மகன் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டு விட்டுப்போன கணக்கு நோட்டு. போன் பக்கத்தில் ஒரு பென்சிலோடு கட்டிவைத்து, முப்பது நாள் யார் வீட்டு எண்ணுக்கு அழைத்தாலும் ஒரு கோடு போடச் சொன்னேன். அத்தை கோடு போடாமல் முழுக்கதையும் எழுதினார்கள், அது இன்னும் நல்லதாகப் போயிற்று.

மொத்தம் 38 அழைப்பு. அதில் 11 தவறான எண். எங்கள் எண்ணுக்கும் ஒரு கிளினிக்கின் எண்ணுக்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அத்தைக்கு அந்தக் கிளினிக் எண் மனப்பாடம், டாக்டர் எந்தக் கிழமை வரமாட்டார் என்பதுவரை சொல்லி அனுப்புவார்கள். 9 அழைப்பு என் வீட்டுக்காரருடையது, கடையிலிருந்து: சாவியைக் காணோம், சாப்பாடு அனுப்பு, இன்று லேட்டாகும். ஒன்றும் பேசாமல் வைத்தது 4. கோயிலிலிருந்து 5. அத்தையின் வெள்ளிக்கிழமை பஜனைக் கூட்டத்துப் பெண்கள் 7. இந்தியாவிலிருந்து 2.

கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார். "பாதிக்கு மேல நானும் கிளினிக்கும்தான்." உண்மைதான். பேசாமல் வைத்த நாலையும் சேர்த்து அந்த 24-ஐக் கழித்துவிட்டால் 14. அந்தப் 14-க்காக ஒரு லைனா?

ஆனால் அந்தப் 14 யார் என்று பார்த்தபோதுதான் அத்தை சொன்னது விளங்கியது. பஜனைப் பெண்களில் நாலு பேருக்குச் சொந்தமாக ஹேண்ட்போன் கிடையாது. மருமகள் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அழுத்துகிறார்கள், அது எங்கள் வீட்டு எண். கோயிலில் ஐயர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் 'அவசரத்துக்கு' என்று ஒட்டியிருக்கிற பழைய காகிதத்தில் இருப்பதும் அதுதான். மாமா நிர்வாகக் கமிட்டியில் இருந்தபோது எழுதியது, அவர் போய்ப் பல வருடமாகிறது. இந்தியாவிலிருந்து வந்த இரண்டும் சென்னை வியாசர்பாடி. மாமாவின் அக்கா. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது குடும்பம் இரண்டாகப் பிரிந்து அவர்கள் கப்பலேறினார்கள், மாமா தங்கிவிட்டார். பேரன் வீடியோ கால் போட்டுக் கொடுத்தாலும் அந்தப் பெரியம்மாவுக்கு அது பேசியதாகக் கணக்கில்லை. 95 போட்டு, 1 போட்டு, வீட்டு எண்ணை அழுத்தி, "நான்தான்" என்பார்கள். அதுதான் பேச்சு.

இந்த அழைப்புகள் யாருக்கு வருகின்றன? அத்தைக்கு என்று சொல்லலாம். ஆனால் எடுத்தது நானாக இருந்தாலும் அவர்கள் வைப்பதில்லை. வீட்டில் யார் எடுத்தாலும் விஷயம் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் போடுகிற அழைப்பு அது. ஹேண்ட்போனில் அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் போன் அடித்தால் நான் எடுக்க யோசிப்பேன், என் போனை அவர் தொடமாட்டார். ஆளுக்கொரு போன் வந்த பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு சேதி தெரிந்திருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு நான் தனியாக, அவர் தனியாக மொய் எழுதிய கூத்தும் நடந்தது.

ஹேண்ட்போன் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக்கூடாது. இன்று பணம் அனுப்புவது, வாங்குவது எல்லாம் கேபிஇசட் பே, வேவ் பே என்று ஹேண்ட்போன் எண்ணோடு ஒட்டியிருக்கிறது. ஓடிபி வீட்டு போனுக்கு வராது. வாசலில் நிற்கிற டெலிவரிப் பையன், வழியில் மாட்டிக்கொண்ட மகள், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற ஆள் யாருக்கும் வீட்டு போன் பயனில்லை. தீயணைப்புக்கு 191, போலீசுக்கு 199, ஆம்புலன்ஸுக்கு 192. இவற்றை எதிலிருந்தும் அழைக்கலாம், ஆனால் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தால் கூடத்து மேசையிலிருக்கிற போன் அவர்களுக்கு எட்டுமா? கழுத்தில் தொங்குகிற பட்டன் போன் எட்டும். வயதானவர் தனியாக இருக்கிற வீடுகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு ஹேண்ட்போனையும் சேர்த்து வைத்தாகவேண்டும்.

ஹேண்ட்போனுக்கு எதிராக ஒன்று உண்டு. வெளியே போகும்போது வழியில் சோதனைக்கு நிறுத்தி போனைத் திறந்து பார்க்கிற காலம் இது. அதனால் பலர் ஸ்மார்ட்போனை வீட்டில் வைத்துவிட்டுப் பட்டன் போனோடு போகிறார்கள். இதற்கு மேல் விளக்கவேண்டாம்.

பணக்கணக்கில் ச்சோ போன் ஒன்றும் கொள்ளை அடிக்கவில்லை. எங்கள் மாதப் பில் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஆகிற காசுதான். புது சிம் என்றால் 2022 ஜனவரி முதல் வரியே 20,000 சாட் என்று ஆக்கிவிட்டார்கள். சிம்மைப் பதிவு செய்ய அடையாள அட்டை எண் வேண்டும். எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் முள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முழுக் குடிமகன், இணைக் குடிமகன், குடியுரிமை பெற்றவர் என்று மூன்று வகை, அட்டையின் நிறமும் மூன்று. சில பெரியவர்களிடம் பழைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம்தான் இருக்கிறது. அதனால் தாத்தா, பாட்டி பயன்படுத்துகிற சிம் பெரும்பாலும் பிள்ளை பேரில்தான் இருக்கும். பிள்ளை சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போய்விட்டால், சிம் தொலைந்தால், மாற்று சிம் வாங்க அவன்தான் வரவேண்டும். சிம் எடுப்பதற்கு முன்பே 'ஊரில் இருக்கப்போகிற ஆள் யார்' என்று பார்த்து அவர் பேரில் எடுங்கள். எங்கள் வீட்டில் அது நான்.

பட்டன் போன் வழியை இரண்டு வாரம் சோதித்தோம். வீட்டுக்கென்று ஒரு சின்ன செட், கூட மேசையில், ச்சோ போனுக்குப் பக்கத்திலேயே. முதல் நாள் அத்தை அதைக் காதில் தலைகீழாக வைத்தார்கள். இரண்டாம் நாள் சிவப்பு பட்டனை அழுத்தி எடுத்தார்கள், அதாவது வைத்தார்கள். அதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறு: அந்த போன் கூட மேசையில் இருக்கவே இல்லை. வீட்டுக்காரர் கடைக்குப் போகும்போது தன் போனில் சார்ஜ் இல்லையென்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் ஒருநாள் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனேன். தூக்கிப் போகக்கூடிய எதுவும் வீட்டு போனாக இருக்க முடியாது என்பதை அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டோம்.

அப்படித்தான் மேசை போனுக்கு வந்தோம். பார்வைக்கு அசல் வீட்டு போன். ரிசீவர், சுருள் வயர், பெரிய எண்கள், மணிச் சத்தமும் உரக்க. உள்ளே சிம், ஒரு பேட்டரி. கரன்ட் போனாலும் சில மணி நேரம் தாங்குகிறது, மழையில் கரகரப்பதில்லை, எஸ்.எம்.எஸ்ஸும் வருகிறது. ரிசீவரை எடுத்தால் பேசலாம், வைத்தால் நின்றுவிடும், அத்தைக்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டவர் அணைந்தால் இதுவும் அணையும், அந்தக் குறையை ஒன்றும் செய்ய முடியாது. பாதித் தீர்வாக, எங்கள் கைபோன்கள் ஒரு நிறுவனம், மேசை போன் வேறு நிறுவனம் என்று வைத்தோம். ஒரு டவர் போனாலும் இன்னொன்று நிற்க வாய்ப்பு உண்டு. சிக்னல் எங்கே நன்றாக வருகிறது என்று வீட்டுக்குள் செட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தபோது, பால்கனிக் கதவுக்கு ஓரம்தான் சரியாக வந்தது. அத்தையின் நாற்காலியை அங்கே நகர்த்தினோம். இப்போது கயிற்று மணியும் போன் மணியும் ஒரே இடத்தில் அடிக்கின்றன, எது அடித்தாலும் அவர்களே முதலில் எழுகிறார்கள்.

வாங்குகிறவர்கள் கடையில் ஒன்று கேட்டுவிடுங்கள்: செட் பழைய 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் ஓடுகிறதா, 4ஜியிலும் பேசுமா என்று. மலிவான மேசை போன்கள் பல 2ஜி மட்டும்தான். சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டார்கள், மகன் போன உடனே எங்களை எச்சரித்தது இதைத்தான். இங்கே ஒருநாள் மூடினால் அழகான அந்த செட் வெறும் பேப்பர் வெயிட்.

ஒரே ஒரு விஷயத்தை எதனாலும் ஈடுகட்ட முடியவில்லை, அது எண். 01 என்று தொடங்குகிற வீட்டு எண்ணை 09-க்கு மாற்றித் தரச் சொல்லி வாங்க முடியாது. டெலினார் 2022-இல் 'ஆட்டம்' (ATOM) என்று பேர் மாறியபோதுகூட வாடிக்கையாளர் எண் அப்படியே இருந்தது. லைனைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் எண் போய்விடும். கண்ணாடிக்கு அடியில் இருக்கிற காகிதத்தில், வியாசர்பாடியில் காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கிற பென்சில் எழுத்தில், பஜனைப் பெண்கள் மனதில் என்று எங்கெல்லாமோ இருக்கிற எண் அது.

அதனால் நாங்கள் லைனை எடுப்பதென்று முடிவு செய்தோம், ஆனால் தீபாவளி கழித்து. அதுவரை இரண்டும் ஓடும். பழைய போனில் யார் அழைத்தாலும் பேச்சை முடிக்கும்முன் புது எண்ணைச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்து, நோட்டில் பேருக்கு நேரே ஒரு டிக். கோயில் மேசைக்கு நானே போய்ப் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிதை வைத்துவிட்டேன். வியாசர்பாடிக்கு வீடியோவில் சொன்னது போதாது என்று கடிதமும் போட்டாயிற்று, எண்ணைப் பெரிதாக எழுதி.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, நாள் முழுக்க எல்லாரும் வெளியே, லைன் மழைக்கு மழை சாகிறது என்றால் இவ்வளவு யோசிக்கவேண்டாம், எடுத்துவிடுங்கள். மாறாக, உங்கள் தெருவில் கம்பி நன்றாக இருக்கிறது, மழையிலும் பேசுகிறது என்றால், மாதம் ஒரு டீக்கடைக் காசுக்கு அதை விடவேண்டாம் என்பேன். சுருள் வயர் போன் ஒன்றை மட்டும் அதில் மாட்டிவையுங்கள். நடுவில் இருக்கிற எங்களைப் போன்ற வீடுகளுக்குத்தான் மேசை போன்.

எடுப்பதற்கு முன் லைன் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது மாமா பேரில் இருக்கிறது. இறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், வீட்டுக்காரர் அட்டை நகல் எல்லாம் சேர்த்து ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டில் இதுவரை ஒன்பது டிக் விழுந்திருக்கிறது. கிளினிக்கைத் தேடி வருகிறவர்களுக்கும் அத்தை புது எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.